பதினொன்றாம் எண் கூண்டு: வலையமைப்புக் கருவிகளை அமைக்கும் நெறிமுறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரக் கம்பங்களில் கம்பியில்லா இணைப்புக் கருவிகளைப் பொருத்திப் பராமரிப்பது எங்கள் சிறு குழுவின் வேலை. ஐஸ் கம்பெனி, மீன் கொள்முதல் கொட்டகை, பள்ளிக்கூடம், யாத்திரிகர் விடுதி என்று பலரும் இந்த இணைப்பை நம்பி இருக்கிறார்கள். எங்கள் கருவிகளில் சிலவற்றுக்கு நாங்களே ஒரு சிறிய அமைவு நெறிமுறையை எழுத நேர்ந்தது. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட மாவட்டத்துப் பொறியியல் மாணவர்களும், கேபிள் டிவி நடத்திக்கொண்டே இணையமும் கொடுக்கும் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே பதில்களோடு எழுதியிருக்கிறேன். 'அமைவு' என்று நான் எழுதுவது, பேச்சில் நாம் கான்ஃபிக் என்று சொல்வதைத்தான். 'நெறிமுறை' என்பது புரோட்டோகால், அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை.

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கருவிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாக உள்ளே போய்க் கட்டளையைத் தட்டினால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் தனியாக ஒரு நெறிமுறை?

கருவி ஒன்றிரண்டு என்றால் தேவையில்லை. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். கருவிகள் பெருகிய பிறகு, தட்டுகிற வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைத்தோம். கட்டளைத் திரை மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. நிரல் அதைப் படிக்க வேண்டுமென்றால், மூன்றாவது வரியில் ஐந்தாவது சொல் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மென்பொருள் பதிப்பில் தயாரிப்பாளர் ஒரு சொல்லை இடம் மாற்றினால் நிரல் தடுமாறிவிடும். கட்டளை பலித்ததா இல்லையா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. சில கருவிகள் பிழை என்று எழுதும், சில ஒரு குறியைப் போடும், சில ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, இன்றும் எங்கள் கம்பங்களின் மின்னழுத்தத்தையும் சிக்னல் அளவையும் அதன் வழியாகத்தான் பார்க்கிறோம். கண்காணிக்க அது நல்ல கருவி. அதன் முதல் பதிப்பு 1990-இல் ஆர்எஃப்சி 1157 ஆக நிலைபெற்றது (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகள் வெளியாகும் எண்ணிட்ட ஆவண வரிசை). மதிப்பை எழுதும் கட்டளையும் அதில் உண்டு. ஆனாலும் வலையமைப்பை நடத்துபவர்கள் அமைவுக்கு அதைப் பெரும்பாலும் தொடவில்லை. ஓர் அமைவு என்பது ஒன்றோடொன்று பின்னிய பல மதிப்புகள். அவற்றை எண்ணெண்ணாகப் பிரித்து, போய்ச் சேர்ந்ததா என்று தானாகச் சொல்லாத யுடிபி பொட்டலங்களில் அடக்கி, எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று கணக்குப் பார்ப்பது பெரும் பாடு. முதலிரு பதிப்புகளில், கருவி கேட்கும் கடவுச்சொல் போன்ற சொல்லும் மறைக்கப்படாமல் வெட்டவெளியில் பயணம் செய்தது.

2002 ஜூன் மாதம் அமெரிக்காவில், இணையக் கட்டமைப்பு வாரியம் என்ற அமைப்பு, நெறிமுறை வடிவமைப்பவர்களையும் வலையமைப்பை நடத்துபவர்களையும் மூன்று நாள் ஒன்றாக உட்கார வைத்தது. அங்கே பேசியது 2003-இல் ஆர்எஃப்சி 3535 என்று வெளிவந்தது. நான் மாணவர்களுக்கு முதலில் கொடுப்பது அந்த ஆவணத்தைத்தான். நடத்துபவர்கள் கேட்டவை எளிமையானவை. கருவிக்கு நாம் சொன்னதும், கருவி இப்போது இருக்கும் நிலையும், எண்ணிக்கைக் கணக்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அமைவை எழுத்தாக எடுத்துப் பழையதோடு ஒப்பிட முடிய வேண்டும். அமைவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு செயல், அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது வேறொரு செயல் என்று இருக்க வேண்டும். பல கருவிகளில் ஒரு மாற்றம் செய்தால், எல்லாவற்றிலும் நடக்க வேண்டும் அல்லது எதிலும் நடக்கக் கூடாது. இந்தப் பட்டியலிலிருந்துதான் அமைவுக்கென்றே ஆன நெட்கான்ஃப் நெறிமுறை பிறந்தது: 2006-இல் ஆர்எஃப்சி 4741, திருத்திய வடிவம் 2011-இல் ஆர்எஃப்சி 6241.

நெறிமுறை வடிவமைக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது என்ன?

பேச்சு பாதியில் அறுந்தால் கருவி என்ன செய்யும் என்பதை. மற்ற எல்லாவற்றையும் பிறகு யோசிக்கலாம். இதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் ஐப்பசி மாதம். தனுஷ்கோடிப் பக்கம் எங்கள் கம்பம் ஒன்றில் மேலாண்மை விலான் எண்ணை 20-இலிருந்து 30-க்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரே கம்பியில் பல வலையமைப்புகளைப் பிரித்துக் காட்டுவது விலான் எண்; மேலாண்மை விலான் வழியாகத்தான் கருவியோடு பேசுவோம். வேலை இரண்டே வரி: துறையில் (கேபிள் செருகும் போர்ட்) புதிய எண், பிறகு அந்த எண்ணில் புதிய முகவரி. ராமேஸ்வரத்தில் உட்கார்ந்து முதல் வரியைத் தட்டி எண்டர் அழுத்தினேன். திரை அப்படியே உறைந்தது. முதல் வரி பலித்துவிட்டது. பலித்த நொடியே என் பாதை அடைபட்டது. இரண்டாவது வரியைச் சொல்ல வழியில்லை. மணி ஏழைத் தாண்டியிருந்தது, அந்த நேரத்தில் தனுஷ்கோடிச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. விடிந்த பிறகு வேனில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனேன். கம்பத்தடியில் கொட்டகை வைத்திருக்கும் மீன் வியாபாரி, "என்ன தம்பி, வலை அறுந்துவிட்டதா?" என்று கேட்டார். முந்தைய இரவு அவருக்கு வெளியூர் விலை எதுவும் தெரியவில்லை. வந்த மீனைப் பழைய விலைக்கே கொடுத்துவிட்டிருந்தார். உப்பு பூத்த பெட்டியைத் திறந்து, மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து, அந்த இரண்டாவது வரியைத் தட்ட ஒரு நிமிடம் ஆனது.

அந்த இரண்டு வரிகளும் தனித்தனியாகத் தவறு, சேர்த்துப் பார்த்தால் சரி. ஆகவே நெறிமுறை வரிவரியாகப் பலிக்கக் கூடாது. முழு மாற்றத்தையும் வாங்கி ஓரமாக வைத்து, சரிபார்த்து, ஒரே வீச்சில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். நெட்கான்ஃப் இதற்காகவே 'வேட்பாளர்' என்ற தனி அமைவுக் கிடங்கை வைத்திருக்கிறது. அதில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். ஒப்புதல் கட்டளை கொடுத்த பிறகுதான் அது 'நடப்பு' ஆகும்.

சரி, ஒரே வீச்சில் பலித்தது. ஆனால் அந்த மாற்றமே தவறாக இருந்து இணைப்பு அறுந்தால்?

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுகளை நாம் சிறுவயது முதல் பார்க்கிறோம். ஒன்று, இரண்டு தூரத்து எச்சரிக்கை. மூன்று, நான்கு உள்ளூர் எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்றாம் எண் மட்டும் காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இங்கே இருப்பவரின் கணிப்பில் நிலைமை மோசமாக இருக்கிறது என்பதே அதன் பொருள். இதை வகுத்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. மேலிடத்திலிருந்து சொல் வராமல் போவதையும் ஒரு நிலையாக எண்ணி, அதற்கு ஓர் எண்ணையும் முன்கூட்டியே ஒதுக்கியிருக்கிறார்கள்.

அமைவு நெறிமுறையில் பதினொன்றாம் எண் கூண்டுக்குப் பெயர் 'உறுதிசெய்யும் ஒப்புதல்'. இந்த மாற்றத்தைச் செய், குறித்த நேரத்துக்குள் நான் திரும்பி வந்து உறுதி சொல்லாவிட்டால் பழைய அமைவுக்கே போய்விடு என்பது கட்டளை. ஜூனிப்பர் ரவுட்டர்களில் பணிபுரிந்தவர்களுக்கு இது பழக்கம், அங்கே இயல்பான கெடு பத்து நிமிடம். நெட்கான்ஃப் அதே பத்து நிமிடத்தை, 600 வினாடி என்று எடுத்துக்கொண்டது.

கேட்க எளிது, செய்யும்போது நான்கு இடங்களில் கால் இடறும்.

முதலாவது, உறுதி எந்த வழியாக வருகிறது என்பது. ஏற்கெனவே திறந்திருக்கும் தொடர்பிலேயே உறுதி சொன்னால் ஏமாறலாம். தீச்சுவர் விதியை மாற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டிருக்கும் தொடர்பை அது விட்டுவைக்கும், புதிதாகத் தட்டுபவரை மட்டும் தடுக்கும். பழைய தொடர்பில் நிம்மதியாக உறுதி சொல்லிவிட்டு வெளியேறுவீர்கள். அதன்பின் உள்ளே போகவே முடியாது. ஆகவே எங்கள் நெறிமுறையில் உறுதி புதிய தொடர்பில்தான் வர வேண்டும், பழையதில் வந்தால் கருவி மறுத்துவிடும். நெட்கான்ஃபின் முதல் வடிவத்தில் தொடர்பு அறுந்தால் மாற்றமும் அப்போதே திரும்பிவிடும். 2011 வடிவத்தில் ஓர் அடையாளச் சொல்லைக் கொடுத்துவிட்டால், வேறொரு தொடர்பிலிருந்தும் உறுதி சொல்லலாம்.

இரண்டாவது, கடிகாரம். கெடுவை நாள்நேரக் கடிகாரத்தில் அளக்கக் கூடாது. எங்கள் கருவிகள் பலவற்றில் கடிகார பேட்டரி இல்லை. மின்சாரம் போய் வந்தால் 1970 ஜனவரி 1 என்று எழுந்து நிற்கும், இணைப்பு கிடைத்ததும் ஒரே தாவலில் இன்றைய தேதிக்கு வரும். அந்தத் தாவலில் கெடு முடிந்துவிட்டதாகக் கருவி நினைத்துவிடும். இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் எண்ணியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, மின்வெட்டு. கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது கருவி அணைந்து எழுந்தால் பழைய அமைவுக்கே போக வேண்டும் என்று நெட்கான்ஃப் கட்டாயமாகச் சொல்கிறது. அதற்கு, புதியதைத் தொடுவதற்கு முன்பே பழையது நினைவகச் சில்லில் பத்திரமாக இருக்க வேண்டும். பழைய கோப்பின் மேலேயே எழுதினால் பாதி எழுத்தில் மின்சாரம் போகும்போது இரண்டும் கெட்டுவிடும். வேறு பெயரில் எழுதி, எழுதியது சில்லில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகு பெயரை மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையில் மின்சாரம் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஒரு விதி எங்களுக்கு எத்தனையோ வேன் பயணங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

நான்காவது, கெடுவின் நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ சில அலைவரிசைகளில் பேசத் தொடங்கும் முன், அங்கே ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்கும். ஐரோப்பிய விதிகளில் வானிலை ரேடார் பகுதிக்கு இது பத்து நிமிடம். கெடுவும் பத்து நிமிடம் என்றால், ரேடியோ வாய் திறக்கும் முன்பே மாற்றம் திரும்பிவிடும். கெடுவை அந்தந்த மாற்றத்துக்கு ஏற்பக் கேட்டு வாங்குங்கள், நெறிமுறையில் பொறித்துவிடாதீர்கள்.

இணைப்பின் இரு முனைகளையும் மாற்ற வேண்டுமென்றால் எதை முதலில் மாற்றுவது?

தூரத்து முனையை. பக்கத்து முனையை முதலில் மாற்றினால் தூரத்து முனையோடு பேசும் வாய்ப்பே போய்விடும். இரண்டுக்கும் கெடு வைத்துவிட்டு, தூரத்தை மாற்றி, பிறகு பக்கத்தை மாற்றி, இணைப்பு திரும்பியதும் இரண்டிலும் உறுதி சொல்ல வேண்டும். ஒரு முனைக்கு உறுதி போய்ச் சேர்ந்து, மற்றதற்கு வழியில் தொலைந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டார். சரியான கேள்வி. செய்தி தொலையக்கூடிய பாதையில் இருவரும் ஐயமற ஒத்துப்போக எந்த நெறிமுறையாலும் முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட ஒன்று, இரு தளபதிகள் சிக்கல் என்று பெயர். உறுதியைப் பலமுறை சொல்லி ஆபத்தைச் சுருக்கலாம். முழுதாக ஒழிக்க முடியாது. ஆகவேதான், முடிந்த இடங்களில் மாற்றும் இணைப்பைத் தொடாத இன்னொரு பாதை, ஒரு கைப்பேசிச் சிம்மாவது, கம்பத்தில் வைத்திருக்கிறோம்.

ஒரே கருவியில் இரண்டு பேர் கைவைத்தால்?

பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்: ஒருவர் விரித்த வலையை மற்றவர் இழுத்து அறுக்காமல் இருக்க. கருவியிலும் பூட்டு வேண்டும். பூட்டியவர் தவிர மற்றவர் படிக்கலாம், எழுத முடியாது.

பூட்டில் கவனிக்க வேண்டியது, பூட்டியவர் காணாமல் போனால் என்ன என்பதே. தொடர்பு அறுந்தால் பூட்டு தானாக விடுபட வேண்டும், நெட்கான்ஃபில் அப்படித்தான். ஆனால் மறுமுனை மௌனமாகச் செத்துப்போனதைக் கருவி உணர நேரம் பிடிக்கும். அதற்குள் அவசரமாக உள்ளே வரும் வேறொருவர், அந்தத் தொடர்பைக் கொன்று பூட்டை விடுவிக்க ஒரு கட்டளையும் தேவை. அந்த அதிகாரத்தை எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது.

அமைவு, நிலை என்று இரண்டாகப் பிரிப்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். நான் அலைவரிசையைத் 'தானியங்கி' என்று அமைத்தேன். ரேடியோ 149-ஐத் தேர்ந்தெடுத்தது. அமைவைக் கேட்டால் 'தானியங்கி' என்றுதான் பதில் வர வேண்டும்; நிலையைக் கேட்டால் 149 வர வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் கலந்த ஒரு கருவி எங்களிடம் இருந்தது. அதன் அமைவை எடுத்துச் சேமித்து, பழுதான பிறகு புதிய கருவியில் ஏற்றினோம். அது 149-லேயே ஆணியடித்து நின்றது. பக்கத்தில் வேறொருவர் அதே அலைவரிசையில் வந்தபோதும் நகரவில்லை. காரணம் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

அமைவை விவரிக்கும் யாங் என்ற மொழியில் (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) ஒவ்வோர் உறுப்புக்கும் 'இது அமைவு', 'இது அமைவு அல்ல' என்று குறிப்பு உண்டு. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8342 இதை இன்னும் ஒழுங்குபடுத்தியது: நீங்கள் எழுதியது, அதிலிருந்து கருவி நடைமுறைப்படுத்த எண்ணுவது, உண்மையில் நடப்பது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம். கம்பியில்லா ரேடியோவில் சொன்னதும் நடப்பதும் ஒன்றாக இருப்பதே அரிது.

யாங் என்பது என்ன? அது இல்லாமல் முடியாதா?

அமைவில் என்னென்ன இருக்கலாம், எந்த வகை, எந்த எல்லைக்குள், எதைச் சார்ந்து என்ற மாதிரியை எழுதி வைக்கும் மொழி. முதல் பதிப்பு 2010, இப்போதைய 1.1 பதிப்பு 2016-இல் ஆர்எஃப்சி 7950. நெட்கான்ஃப் 2006-இலேயே வந்துவிட்டது. கொண்டுபோகும் வண்டி இருந்தது, சரக்கு என்ன என்று எழுத மொழி இல்லை. அந்த நான்கு ஆண்டுகளும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் மனம்போல எழுதினார்கள். நீங்கள் சொந்தமாக எதைச் செய்தாலும் மாதிரியை முதலில் எழுதுங்கள், வண்டியைப் பிறகு பார்க்கலாம்.

விலான் எண் 1 முதல் 4094 வரை என்று மாதிரியில் எழுதிவிட்டால் 5000 என்று தட்டுபவரைக் கருவியே திருப்பி அனுப்பும். முகவரி ஒன்றைச் சேர்த்தால், அது குறிப்பிடும் துறை உண்மையில் இருக்க வேண்டும் என்றும் எழுதலாம். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிட்டது, மதுரை ரயில்வே அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கருவிக்கும் அந்த உரிமை இருக்க வேண்டும்: தவறு என்று தனக்குத் தெரிந்ததை யார் சொன்னாலும் மறுக்கும் உரிமை.

இயல்பு மதிப்புகள் ஒரு தனித் தலைவலி. நீங்கள் எழுதாத மதிப்பைக் கருவி திருப்பிச் சொல்ல வேண்டுமா? சில கருவிகள் எல்லாவற்றையும் கொட்டும், சில நீங்கள் எழுதியதை மட்டும் காட்டும், சில நீங்களே எழுதியிருந்தாலும் இயல்பு மதிப்பாக இருந்தால் மறைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு இது தீராத குழப்பம். ஆர்எஃப்சி 6243 இந்தப் போக்குகளுக்கெல்லாம் பெயர் சூட்டி, எது எந்தப் போக்கு என்று கருவி அறிவிக்கும்படி செய்தது. நாங்கள் எழுதியதை மட்டும் காட்டும் போக்கை எடுத்துக்கொண்டோம்.

சேர், மாற்று, நீக்கு: இதில் என்ன சிக்கல்?

ஒரே கட்டளை இரண்டு முறை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே சிக்கல். மோசமான இணைப்பில் அது அடிக்கடி நடக்கும். நெட்கான்ஃபில் 'உருவாக்கு' என்றால் ஏற்கெனவே இருந்தால் பிழை. 'நீக்கு' என்றால் இல்லாவிட்டால் பிழை. 'இருந்தால் எடுத்துவிடு, இல்லாவிட்டால் பரவாயில்லை' என்ற தனிச்சொல் 2011 வடிவத்தில்தான் சேர்ந்தது. இரண்டு வகையும் வேண்டும். கையால் வேலை செய்பவருக்குப் பிழை சொல்வது நல்லது, திரும்பத் திரும்ப முயலும் நிரலுக்கு அமைதியாக ஏற்பது நல்லது.

செய்தியை எழுதும் வடிவம் எக்ஸ்எம்எல்லா, ஜேசனா?

இதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். மாதிரி சரியாக இருந்தால் எந்த உடையும் பொருந்தும். நெட்கான்ஃபின் வேலையை எச்டிடிபி வழியாகச் செய்ய 2017-இல் வந்த ரெஸ்ட்கான்ஃப் இரண்டையுமே ஏற்கிறது.

ஆனால் இரண்டு சிறு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். ஜேசனில் 64 பிட் எண்ணை எண்ணாக எழுதினால், 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் பல நிரல்கள் கடைசி இலக்கங்களைத் தவறவிடும். ஆகவே யாங் விதிப்படி அவை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகப் போகும். இன்னொன்று, செய்தி எங்கே முடிகிறது என்று காட்டுவது. நெட்கான்ஃபின் முதல் வடிவம் ஆறு குறிகள் கொண்ட ஒரு தொடரை முடிவுக்கு அடையாளமாக வைத்தது. செய்திக்குள் அந்தத் தொடர் வரவே வராது என்று நம்பினார்கள். ஆனால் எக்ஸ்எம்எல் குறிப்புரையில் அது முறைப்படியே வரலாம். அடுத்த வடிவத்தில், இத்தனை பைட் வருகிறது என்று முன்னாலேயே நீளத்தைச் சொல்லும் முறைக்கு மாறினார்கள். நீங்கள் எழுதும்போது முதலிலேயே நீளத்தைச் சொல்லிவிடுங்கள்.

கருவி பொது முகவரி இல்லாத சிம் இணைப்புக்குப் பின்னால் இருக்கிறது. அதை எப்படி அழைப்பது?

நீங்கள் அழைக்க முடியாது, அதுதான் உங்களை அழைக்க வேண்டும். ஆர்எஃப்சி 8071 இதற்காகவே 2017-இல் வந்தது. கருவி டிசிபி தொடர்பை மட்டும் தொடங்கும், தொடர்பு கிடைத்ததும் பாத்திரங்கள் பழையபடி: கட்டளையிடுவது நீங்கள், கேட்பது கருவி. எஸ்எஸ்எச் வழியாக இப்படி அழைக்க ஒதுக்கிய டிசிபி போர்ட் எண் 4334. மின்சாரம் திரும்பும்போது எல்லாக் கம்பங்களும் ஒரே நொடியில் அழைத்து மையத்தைத் திணறடிக்காமல் இருக்க, ஒவ்வொன்றும் சற்றே வெவ்வேறு நேரம் காத்திருந்து அழைக்கும்படி செய்யுங்கள்.

பாதுகாப்பு?

எஸ்எஸ்எச் அல்லது டிஎல்எஸ் மேல் ஓட்டுங்கள், சொந்தமாக மறைகுறியாக்கம் எழுதாதீர்கள். சான்றிதழைச் சரிபார்க்கத் தேதி வேண்டும். 1970-இல் எழுந்த கருவிக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவை. ஆகவே கடைசியாகத் தெரிந்த நேரத்தை அவ்வப்போது சில்லில் எழுதி வைத்து, எழும்போது அதிலிருந்து தொடங்கச் செய்தோம்.

யாருக்கு எந்த உரிமை என்பதற்கு ஆர்எஃப்சி 8341 இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது அதன் இயல்பு நிலை: விதி எதுவும் எழுதாவிட்டால் படிக்கலாம், எழுத முடியாது. கம்பம் ஏறும் தம்பிகளுக்கு அதுதான் எங்கள் ஏற்பாடும்.

பிழைச் செய்தியைத் தமிழில் தர முடியுமா?

முடியும், தர வேண்டும். நெட்கான்ஃப் பிழையில் நிரலுக்கான மாறாத ஒரு குறிச்சொல்லும், மனிதருக்கான ஒரு வாசகமும் தனித்தனியாக உண்டு. அந்த வாசகம் எந்த மொழி என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. நாற்பதடி உயரத்தில், வாடைக்காற்றில், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கைப்பேசித் திரையைப் பார்ப்பவருக்கு 'துறை 2-இல் விலான் 30 இல்லை. முதலில் அதைச் சேர்க்கவும்' என்று தெரிய வேண்டும். எங்கள் குழுவில் வாசகங்களை எழுதியது நிரலாளர் அல்லர். கீழக்கரையைச் சேர்ந்த, பல ஆண்டுகள் கம்பம் ஏறிய ஒருவர். எது எங்கே தவறும் என்று அவருக்குத்தான் தெரியும்.

நாங்களும் சொந்தமாக ஒரு நெறிமுறை எழுதலாமா?

கருவி நெட்கான்ஃபையோ ரெஸ்ட்கான்ஃபையோ பேசுமானால் வேண்டாம், அதையே பயன்படுத்துங்கள். நாங்கள் எழுதியது, நினைவகம் மிகக் குறைந்த சில மின்கலப் பலகைகளுக்காக மட்டும். அப்போதும் மாதிரியை யாங்கில்தான் எழுதினோம். பதிப்பு மாறும்போது இருக்கும் பெயரை நீக்காதே, எல்லையைக் குறுக்காதே என்ற அதன் விதிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். தொடக்கத்தில் இரு தரப்பும் தமக்குத் தெரிந்தவற்றைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் முறையும் நெட்கான்ஃபிடமிருந்து வாங்கியதே.

எங்கே தொடங்குவது?

ஆர்எஃப்சி 3535-ஐ ஒரு மாலையில் படித்துவிடலாம். பிறகு ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, நெட்டோபியர்2 என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவுங்கள். இன்னொரு கணினியிலிருந்து இணைந்து, அடையாளச் சொல் எதுவும் கொடுக்காமல், 120 வினாடிக் கெடுவோடு உறுதிசெய்யும் ஒப்புதல் கொடுங்கள். கொடுத்ததும் கேபிளை உருவிவிட்டு, முதல் கணினியின் திரையில் பதிவேட்டைப் பாருங்கள். மாற்றம் திரும்பும். அது தொடர்பு அறுந்ததைக் கருவி உணர்ந்ததால் திரும்பியதா, கெடு முடிந்ததால் திரும்பியதா என்று பதிவேட்டின் நேரத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள். பிறகு அதையே கேபிளுக்குப் பதிலாக மின்சாரத்தை அணைத்துச் செய்து பாருங்கள்.